ஓர் அங்குலத் தோல்

நாற்பத்தெட்டு மீன் துண்டுகளையும் ஒன்று விடாமல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார் ஆர்வோ ஹாவிஸ்டோ. மீன்பிடி வார்டன் அலுவலகத்துக் குளிர் அறைக்குள் வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"டாக்டர் நாடி பாக்கறாரு," என்றாள் அவருடைய உதவியாளர் டெல்மா, கதவில் சாய்ந்து நின்ற வார்டன் நோரீனிடம். "நாப்பத்தெட்டு பேருக்கும் துடிப்பு இல்ல. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடலாம்."

நோரீன் சிரிக்கவில்லை. ஆர்வோ வார்டனாக இருந்தபோது அவர் கீழ் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். அவருடைய மௌனத்துக்குப் பழகியவள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை சார். நீங்க லாத்ரப் பக்கத்து ஆளுங்கறதால பாக்க விடறேன். தொடலாம், எடுத்துட்டுப் போகக் கூடாது."

வழக்கு சின்னதுதான். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, பெயர் சொல்லாத ஒரு போன் வந்தது. ஹாரோ ஏரியின் பெரிய ரிசார்ட் முதலாளியும், மீன்பிடிக்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போகும் கைடுமான ராய்ஸ் லாத்ரப் அப்போது தனியாகப் படகில் போய்க்கொண்டிருந்தார். நடு ஏரியில் நோரீன் மறித்தாள். இருக்கைக்கு அடியில் ஐஸ் பெட்டி. அதற்குள், பீர் புட்டிகளுக்கு அடியில், இருபத்திநாலு பாஸ் மீன்; வெட்டி, முள் நீக்கி, நாலு பைகளில். ஜூன் மூன்றாம் சனி வரை பாஸ் பிடித்தால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு. அந்தச் சனி கழிந்து நாலு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

மீன் லாத்ரப்புடையதுதான் என்று ஏரி வாரியம் முடிவு செய்தால் அவருடைய கைடு லைசன்ஸ் ஆயுளுக்கும் போய்விடும். அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவர் ஆர்வோவை அமர்த்தியிருந்தார்.

டெல்மாவுக்கு ஜீரணமாகாத விஷயம் அதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு போன் வந்தது. இதே மாதிரி ஓர் ஐஸ் பெட்டி. அப்போது மாட்டியவர் ஐனார் ஸ்கோக்லண்ட். ஏரியிலேயே கெட்டிக்கார கைடு. அவருடைய பெட்டியில் முப்பத்தோரு மீன். சீருடையில் நின்று நோட்டீஸ் எழுதியவர் ஆர்வோ. இருவரும் நண்பர்கள். பதினைந்து குளிர்காலம் ஒரே ஐஸ் துளைக்கு முன்னால் உட்கார்ந்து, நாளுக்கு நாலு வார்த்தை பேசி வளர்த்த நட்பு. "நீ எழுதறத எழுது," என்று மட்டும் சொன்னார் ஐனார். லைசன்ஸ் போயிற்று. அவரிடம் வருடா வருடம் வந்த விருந்தாளிகள் எல்லோரும் லாத்ரப்பின் ரிசார்ட்டுக்குப் போனார்கள். அடுத்த தை பிறக்கும் முன், விறகுக் கொட்டகையில் உட்கார்ந்த ஐனார் எழுந்திருக்கவில்லை.

அந்தப் போன் யாருடையது என்று ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரியும். நிரூபிக்கத்தான் யாராலும் முடியவில்லை. ஆர்வோ சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். லாத்ரப் அழைத்தபோது ஏன் சரி என்று சொன்னோம் என்பதை அவர் தனக்குள்ளேயே நேராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: அந்த ஆள் முங்கும்போது கிட்டே நின்று பார்க்க வேண்டும். கரையில் நின்று பார்த்தால் போதாது.

ஆனால் விரல் வேறு கதை சொன்னது.

"டெல்மா, இந்தப் பையை அமுக்கிப் பாரு."

"கல்லு மாதிரி இருக்கு."

"இது?"

"கொஞ்சம் தளர்ச்சி." மூன்றாவதை அழுத்தினாள். நாலாவதை அழுத்தியதும் கையை உதறினாள். "இது என் முதல் புருஷன் மாதிரி. அமுக்கினா அப்படியே கிடக்குது."

"நாலு பை, நாலு வயசு. வெட்டி நாள் ஆக ஆகத் தளரும். பைக்குப் பன்னெண்டு துண்டு. அப்படின்னா ஆறு மீன்."

டெல்மா விரல் விட்டு எண்ணினாள். "சனி ஆறு. ஞாயிறு ஆறு. திங்கள், செவ்வாய். தலைவரே, இது திருட்டு மீனே இல்ல. ஒவ்வொரு நாளும் சட்டப்படி பிடிச்ச மீனு."

"ம்."

"திருடன் ஏழாவது மீனப் பாத்தா விட்டிருப்பானா? லாத்ரப்பா இருந்தா ஒரே நாள்ல நாப்பது அள்ளிருப்பாரு. அடுத்தவன மாட்டி விடணும்னு நினைக்கும்போதும் கணக்கு மீறாத ஆளு யாரு? இந்த ஊர்ல சர்ச்சுக்குப் போறவங்க பாதிப் பேரு அப்படித்தான்."

ஆர்வோ ஒரு துண்டைத் திருப்பிக் காட்டினார். வால் பக்கம், தபால் தலை அளவுக்கு, செதிளோடு ஒரு சதுரம் தோல். எல்லாத் துண்டிலும் அதே இடம், அதே அளவு. மீனை வெட்டிக் கொண்டுபோகிறவர்கள் ஓர் அங்குலத் தோலை விட்டு வைக்க வேண்டும். வார்டன் பார்த்தால் என்ன மீன் என்று தெரிய வேண்டும். சட்டத்தில் இருக்கிறது. பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

"இதையும் விட்டு வச்சிருக்காங்க," என்றார்.

"மரியாதைப்பட்ட குற்றவாளி," என்றாள் டெல்மா.

---

ரிசார்ட்டுக்குப் போகும் பாலத்தில் ஈசல் இறங்கியிருந்தது. ஜூன் கடைசியில் ஏரியிலிருந்து எழுந்து வரும் ஈசல். ஒரே ராத்திரியில் முழங்கால் உயரம் குவிந்திருந்தது. பனி அள்ளும் மண்வெட்டியால் ஊராட்சி ஆள் அதை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார். டயருக்கு அடியில் அரிசிப்பொரி மிதித்த சத்தம். டெல்மா வண்டியை ஊர்ந்து ஓட்டினாள்.

ரிசார்ட் வாசலில் வழக்கமான கரும்பலகை. மீன் தூண்டிலைக் கடித்த நிலவரத்தை லாத்ரப் தினமும் தன் கையால் எழுதுவது. 'சனி: சுமார். ஞாயிறு: மந்தம். திங்கள்: ஈசல், கடி இல்லை. செவ்வாய்: கடி இல்லை. தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட். பொறுமை.'

"கடைசி வார்த்தைக்குத் தனியா காசு வாங்கலாம்," என்றாள் டெல்மா.

லாத்ரப் மீன் வெட்டும் கொட்டகையில் இருந்தார். பெரிய உடம்பு, சலவை செய்த தொப்பி. ஆர்வோவைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியை மேஜையில் குத்தி நிறுத்தினார்.

"என்னய்யா கண்டுபிடிச்ச? நாலு நாளா நானும் எட்டு விருந்தாளியும் சேந்து அஞ்சு மீன் பிடிச்சோம். அஞ்சு. மீன் எல்லாம் ஈசலத் தின்னு வயிறு முட்டிக் கிடக்குது. எங்கிட்ட ஏது இருபத்திநாலு?"

"அத நம்பறேன்," என்றார் ஆர்வோ. சொல்லும்போதே நாக்கு கசந்தது. "துண்டுல எல்லாம் தோல் விட்டிருக்காங்க."

லாத்ரப்பின் முகம் விரிந்தது. "தோலா? வா, இங்க வா." ஒரு மூலையில் எவர்சில்வர் பெட்டி மாதிரி ஒன்று நின்றது. சுவிட்சைத் தட்டினார். பல் வைத்த உருளை சுழன்றது. ஒரு துண்டை மேலே வைத்தார்; கண் மூடித் திறப்பதற்குள் தோல் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். "கரண்டுல ஓடற தோலுரிக்கற மெஷின். இந்த ஏரியில வேற யாருகிட்டயும் கிடையாது. இது வந்த நாள்லேந்து என் கொட்டகைல வெட்டின மீன்ல ஒரு துணுக்குத் தோல் இருந்ததில்ல. என் விருந்தாளிக்குத் தட்டுல செதிள் பட்டா பிடிக்காது."

ஆர்வோ அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். சதையின் மேல் மெல்லிய கோடுகள், சீப்பால் வாரியது போல, ஒரே இடைவெளியில். ஒரு கணம் அவருக்குள் எதுவோ அசைந்தது. எங்கே பார்த்தோம் என்று பிடிபடவில்லை.

"எப்ப வாங்கினீங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. மே மாசம்."

"அத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கு வாரியத்துல காட்டறேன்."

லாத்ரப் எழுதினார். சந்தோஷமாக, பெரிய எழுத்தில், தேதி போட்டு. தானாகவே ஒரு வரி சேர்த்தார்: 'ஏரி முழுவதும் இந்த இயந்திரம் என்னிடம் மட்டுமே உள்ளது.' டெல்மா கொட்டகையின் மேஜையில் கிடந்த, மெஷின் உரித்த துண்டை இரண்டு படம் எடுத்துக்கொண்டாள்.

"யாரு வச்சாங்கன்னும் கண்டுபிடிச்சுக் குடு," என்றார் லாத்ரப் கதவு வரை வந்து. "வேற ஒன்னும் வேண்டாம். பேரு மட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்."

வண்டியில் ஏறியதும் டெல்மா சாவியைத் திருப்பவில்லை.

"அந்த ஆளு நிஜமாவே பண்ணல."

"இல்ல."

"இதுல உங்களுக்கு வருத்தம் வேற."

ஆர்வோ ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு லூன் பறவை முங்கியது. அது மறுபடி எங்கே தலை தூக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். டெல்மா காத்திருந்தாள். அவளுக்கு ஐந்து நிமிட மௌனம் பெரிய தண்டனை.

"நாலு நாள், ஈசல் நேரத்துல, தினம் ஆறு பாஸ்," என்றார் கடைசியில். "இந்த ஏரியில யாரால முடியும்?"

"கர்த்தரால முடியும். ஐனாரால முடியும். கர்த்தர் லைசன்ஸ் எடுக்கல. ஐனார் கல்லறைல இருக்காரு."

"ஐனார் படகுல எப்பவும் ரெண்டு பேரு."

டெல்மா சாவியைத் திருப்பினாள். வண்டியை வடக்குப் பக்கம் திருப்பினாள்.

---

வடக்கு விரிகுடாவில் ஐனாரின் மனைவி சோல்வெய் ஸ்கோக்லண்டின் வீடு. கதவு திறந்தே இருந்தது. அறுபத்தாறு வயது, ஒல்லி, காது மேல் வெட்டிய நரை முடி. அடுப்படி மேஜையில் ஒரு கோப்பை வைத்துக் காபி ஊற்றி டெல்மாவின் பக்கம் நகர்த்தினாள். இன்னொரு கோப்பை எடுக்கவில்லை. அந்தக் கரையில் வழி தவறி வந்தவனுக்கும், வரி கேட்டு வந்தவனுக்கும்கூடக் காபி உண்டு.

ஆர்வோ உட்காரவில்லை. அவள் உட்காரச் சொல்லவும் இல்லை.

"ரெண்டாவது கல்லுத் திட்டுலயா பிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"மூணாவது. ஈசல் மேல வந்தா மீன் எல்லாம் அதைத் தின்னப் போகும். கிழட்டு மீனு மட்டும் கல்லுக்கடியில நண்டு தேடும். ஐனார் சொல்லுவாரு." அவள் குரலில் மறைக்கும் எண்ணமே இல்லை. "எப்படித் தெரிஞ்சுது?"

"தினம் ஆறு."

அவள் புருவம் உயர்ந்தது. பிறகு, இத்தனை நேரத்தில் முதல் தடவையாக, லேசாகச் சிரித்தாள். "அது நான் யோசிக்கவே இல்ல. ஆறு வந்ததும் தூண்டிலச் சுத்திட்டேன். கை அப்படியே பழகிடுச்சு. செவ்வாய் ராத்திரி அவன் படகுத்துறையில விளக்கு அணைஞ்சதும் பெட்டில வச்சேன். விடிஞ்சதும் போன் பண்ணேன்."

"தோலையும் கை பழக்கத்துல விட்டுட்டீங்க."

"இல்ல," என்றாள் சோல்வெய். "தோல உனக்காக விட்டேன்."

ஆர்வோவுக்குப் புரியவில்லை. டெல்மா கோப்பையை உதட்டருகே வைத்தபடி நின்றுவிட்டாள்.

சோல்வெய் அலமாரியைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்தாள். உள்ளே இருந்த நோட்டீஸ் நகலை மேஜையில் விரித்து அவர் பக்கம் திருப்பினாள். மேலே ஐனாரின் பெயர். கீழே ஆர்வோவின் கையெழுத்து.

"மூணாவது வரியப் படி."

அவர் படித்தார். அவருடைய கையெழுத்துதான். அவசரமில்லாத, சுத்தமான எழுத்து. 'குற்றம் மூன்று: துண்டுகளில் தோல் விடப்படவில்லை. மீன் இனத்தை மறைக்கும் முயற்சி.'

"முப்பத்தஞ்சு வருஷம் ஐனார் மீன் வெட்டினாரு," என்றாள். "நான் பக்கத்துல நின்னேன். தோல் விடாம ஒரு துண்டு எங்க மேஜைலேந்து போனதில்ல. அது உனக்குத் தெரியும். எங்க மேஜைல எத்தன தடவ வாங்கித் தின்னிருக்க. அவரு வெட்டின மீன் இல்லங்கறதுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். நீ அதைப் பாத்த. பாத்து, அவரு மேல இன்னொரு குற்றமா எழுதின."

ஆர்வோ அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் எண்ணினார். முப்பத்தொன்று என்று இரண்டு முறை எண்ணினார். பிறகு அச்சடித்த தாளில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். நண்பன் என்பதால் ஒரு கட்டத்தையும் விட்டுவிடக் கூடாது என்று நிரப்பினார். அந்த நேர்மையை நினைத்து ராத்திரி கொஞ்சம் பெருமையும் பட்டிருந்தார்.

"வாரியத்துக்கு மூணு லெட்டர் போட்டேன். வழக்கு முடிஞ்சதுன்னு மூணு பதில் வந்துச்சு. உன் வீட்டுக்கும் வந்தேன். ஜன்னல்ல விளக்கு எரிஞ்சுது. நீ கதவத் திறக்கல."

"திறக்கல," என்றார் ஆர்வோ.

"நான் சொன்னா யாரும் கேக்கல. அவன் மாட்டினா கேப்பாங்க. அவனுக்கு வக்கீல் வைக்கக் காசு இருக்கு, துப்பு துலக்க ஆள் வைக்கக் காசு இருக்கு. இந்த வட்டாரத்துல அந்த வேலைக்கு நீ ஒருத்தன்தான். அவன் மாட்டினதக் கிட்ட இருந்து பாக்கறதுக்காகவே நீ போவேன்னு தெரியும். அவன் தப்பிக்கணும்னா என்ன சொல்லணும்? என் மீன்ல தோல் இருக்காதுன்னு அவன் வாயாலேயே சொல்லணும். ஐனார் குற்றவாளி இல்லன்னு நிரூபிக்க அவனே செலவு பண்ணட்டும்னு நினைச்சேன்."

டெல்மா மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அம்மா, நான் பத்து வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ. இப்படி ஒரு வில்லத்தனத்த நான் பாத்ததில்ல. பாராட்டாத்தான் சொல்றேன்."

உறைக்குள் ஒரு புகைப்படமும் இருந்தது. வார்டன் கோப்பிலிருந்து சோல்வெய் மனுப் போட்டு வாங்கியது. ஐனாரின் பெட்டியில் இருந்த துண்டுகளை ஆர்வோவே கிட்டத்தில் வைத்து எடுத்த படம். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தோல் இல்லாத வெள்ளைச் சதை. அதன் மேல் மெல்லிய கோடுகள், ஒரே இடைவெளியில், சீப்பால் வாரியது போல.

"இத எங்க பாத்தோம்னு மத்தியானம் பூரா யோசிச்சேன்," என்றார்.

சோல்வெய்க்குக் கோடுகளைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. டெல்மா தன் போனிலிருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். சோல்வெய் இரண்டையும் நெடுநேரம் பார்த்தாள்.

"உங்க பேர நான் சொல்ல மாட்டேன்," என்றார் ஆர்வோ.

"என் பேர நான் சொல்லிக்கறேன். நாளைக்கு நீ உன் பேரச் சொல்லு."

---

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஊராட்சிக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. மீன் கடிக்காத நாளில் ஏரிக்காரர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. முன் வரிசையில் லாத்ரப், சலவைச் சட்டையில். மூன்று வரிசை தள்ளி ஓரமாகச் சோல்வெய்.

வாரியத் தலைவி கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு கேட்டார். "மிஸ்டர் ஹாவிஸ்டோ, சுருக்கமா சொல்லுங்க. அந்த மீன் லாத்ரப்போடதா?"

"இல்ல."

கூடம் சலசலத்தது. ஏமாற்றத்தின் சலசலப்பு. லாத்ரப் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"எப்படிச் சொல்றீங்க?"

ஆர்வோ நாலு பைகளின் நாலு வயதைச் சொன்னார். நோரீன் எழுந்து, தானும் சரிபார்த்ததாகச் சொன்னாள். பிறகு தோலைப் பற்றிச் சொன்னார். லாத்ரப் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினார். தலைவி உரக்கப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் லாத்ரப் தலையை ஆட்டினார். கடைசி வரிக்கு இரண்டு தடவை.

"அந்த மெஷின்ல போட்ட துண்டு எப்படி இருக்கும்னு வாரியம் பாக்கணும்," என்றார் ஆர்வோ. டெல்மா நேற்று எடுத்த படத்தின் அச்சுப் பிரதியைத் தலைவியிடம் கொடுத்தார். "கோடு தெரியுதா?"

"தெரியுது. சீப்பு போட்ட மாதிரி."

"இன்னொரு படம் இருக்கு. இதுவும் அதேதானான்னு சொந்தக்காரரே பாத்துச் சொன்னா நல்லது." நடந்து போய் அதை லாத்ரப்பிடம் நீட்டினார்.

லாத்ரப் வாங்கி, கையை எட்ட நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என் மெஷின்தான். இதுல என்ன சந்தேகம்?" பின்னால் திரும்பி, கூடத்துக்கே படத்தைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கோடு வேற எந்தக் கொட்டகைலயும் விழாது. எழுதிக்குங்க."

"எழுதிக்கிட்டாச்சு," என்றார் வாரியக் குறிப்பாளர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெட்டதைத் தான் இன்னும் அறியவில்லை.

"படத்தைத் திருப்புங்க," என்றார் ஆர்வோ. "பின்னால எழுதியிருக்கறதப் படிங்க."

லாத்ரப் திருப்பினார். படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தலைவி கை நீட்ட, நோரீன் போய் அவருடைய விரல்களிலிருந்து அதை இழுத்து எடுத்து வர வேண்டியிருந்தது.

தலைவி படித்தார். "ஐனார் ஸ்கோக்லண்ட் படகு. ஐஸ் பெட்டி. முப்பத்தோரு மீன்." தேதியையும் படித்தார். இரண்டு வருடத்துக்கு முந்திய ஜூன்.

அந்தக் கூடத்தில் ஐனாரிடம் மீன் பிடிக்கக் கற்றவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டு லாத்ரப்பின் பாரில் குடித்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் அந்தச் சலவைச் சட்டையின் முதுகைப் பார்த்தார்கள். கழுத்து மடிப்பில் வியர்வை இறங்கி, துணி நிறம் மாறுவது தெரிந்தது.

ஆர்வோவுக்கு அந்த நிமிடம் பிடித்திருந்தது. இரண்டு வருடமாக அவர் காத்திருந்த நிமிடம். அதை முழுதாக ருசிக்க வேண்டும் என்று நினைத்தார். தலைவி விடவில்லை.

"இந்தப் படம் எடுத்தது யாரு?"

"நான்."

"அன்னைக்கு இதுல தோல் இல்லங்கறத யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சேன்." நோட்டீஸ் நகலைப் பையிலிருந்து எடுத்தார். மூன்றாவது வரியை உரக்கப் படித்தார். "இத எழுதினதும் நான்தான். ஐனார் மீன்ல தோல் இல்லாம இருக்காதுன்னு தெரிஞ்சவன். தெரிஞ்சும் அவர் மேல குற்றமா எழுதினேன். பேரு ஆர்வோ ஹாவிஸ்டோ. பதிவு பண்ணிக்குங்க."

இப்போது கண்கள் எல்லாம் அவர் முதுகில் இருந்தன.

நாலாவது வரிசை ஓரத்தில் நாற்காலி நகர்ந்தது. சோல்வெய் எழுந்தாள். "இருபத்திநாலும் நான் பிடிச்சது. அவன் பெட்டில நான்தான் வச்சேன். போன் பண்ணதும் நான். ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல பிடிக்கல."

பின்னால் யாரோ ஒருவர் கை தட்டத் தொடங்கி, தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்து நிறுத்தினார்.

லாத்ரப் எழுந்தார். "அப்ப என் மேல உள்ள வழக்கு முடிஞ்சது. நான் போகலாமா?"

"இந்த வாரத்து வழக்கு முடிஞ்சது," என்றார் தலைவி. "உக்காருங்க மிஸ்டர் லாத்ரப். நாம இன்னொரு ஜூன் மாசத்தப் பத்திப் பேசணும்."

லாத்ரப் ஆர்வோவைப் பார்த்தார். "நான் காசு குடுத்து வச்ச ஆளு நீ."

"நீங்க கேட்டத செஞ்சுட்டேன்," என்றார் ஆர்வோ. "பேரும் கேட்டீங்க. அவங்களே சொல்லிட்டாங்க."

அவர் உட்கார்ந்தார். நாற்காலி அவருக்கு அடியில் முனகியது.

நோரீன் சோல்வெய்யிடம் போய், தர்மசங்கடத்தோடு நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்தாள். பொய்த் தகவல் கொடுத்தது, அடுத்தவர் படகில் ஏறியது. எழுதிக் கிழித்து நீட்டினாள். "கையெழுத்து மட்டும் போடுங்க போதும். படிக்கணும்னு இல்ல."

சோல்வெய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் வரியிலிருந்து படித்தாள். விரலை ஒவ்வொரு வரிக்கு அடியிலும் வைத்து, பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்து வரைக்கும். கூடம் முழுக்கக் காத்திருந்தது. லாத்ரப் காத்திருந்தார். தலைவி காத்திருந்தார். டெல்மாகூடக் காத்திருந்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் ஆர்வோவைக் கடந்து வாசலுக்குப் போனாள். ஒரு கணம் நின்றாள்.

"எழுதினத முழுசாப் படிச்சுப் பாக்க மூணு நிமிஷம்கூட ஆகல, ஆர்வோ," என்றாள்.